தூண்டிலும் உத்தரவுச் சீட்டும்

ஆற்றில் மீன் பிடிக்கப் போவதற்கு ஆயத்தம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஒரு மூங்கிற்கோல், சில பாகம் நூல், ஒரு தூண்டில் முள், ஒரு சிரட்டை மண்புழு ஆகியன கிடைத்துவிட்டால் போதும். கரையோரம் மருதமர நிழலும் ஓய்வான ஒரு பிற்பகலும் வாய்த்தால் அதற்குமேல் வேண்டுவது ஒன்றுமில்லை என்பர். ஊர்ச் சிறுவர்க்கு அவ்வளவே போதும். ஆனால், வெளியூரிலிருந்து வந்த ஒருவர், தாம் அறியாத ஆற்றில், அவ்வாற்றை அறிந்த வழிகாட்டி ஒருவரைத் துணைகொண்டு மீன் பிடிக்கப் புறப்படும்போது மூன்று கேள்விகள் எதிர்நிற்கின்றன. யாரிடம் உத்தரவு பெறுவது? எதை உடுத்துவது? யாரை நம்பிச் செல்வது? இம்மூன்று கேள்விகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பேச்சுக்கு நிலைக்களமாக உப்புவெளியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வழியில், கடலைப் பார்த்தபடி அமைந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் மடிந்த வீரர்களின் கல்லறைத் தோட்டம் அங்கே உள்ளது; நீண்ட மணற்கரையும் உள்ளது. அவ்வூரில் தங்குவோர் பெரும்பாலும் கடலை நாடியே வருகின்றனர். எனினும், ஆற்று மீனை நாடுவோர் தெற்கு நோக்கித் திரும்பினால், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவை அடைவர். மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம் அது. 2009-ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, மூதூர்ப் பக்கம் தரைவழியே செல்ல விரும்பியோர் கிண்ணியாத் துறையில் பாதையில் ஏறியே நீரைக் கடந்தனர். இன்று அப்பயணம் எளிதாகிவிட்டது. பயணம் எளிதானதனால் ஆயத்தமும் எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

உத்தரவின்றி அக்கரையில் இறங்கியவர்க்கு நேர்ந்ததைக் கூறும் புகழ்பெற்ற கதை ஒன்று அதே கொட்டியாரத்தில்தான் நிகழ்ந்தது. 1659-ஆம் ஆண்டின் இறுதியில், புயலால் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அக்குடாவில் நங்கூரம் பாய்ச்சியது. கப்பலின் தலைவரும், அவருடைய மகன் ரொபேட் நொக்ஸ் என்பாரும், வேறு சிலரும் கரையிறங்கினர். ஊரவர் அவர்களோடு நட்பாகவே பழகினர், வாணிகமும் நடந்தது. ஆனால், 1660-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைச் சிறைபிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனோ 19 ஆண்டுகளுக்குமேல் கண்டி இராச்சியத்தில் காவலில் இருந்து, 1679-இல் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். 1681-இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்றுக்கு அரிய மூலமாக விளங்குகின்றது. தாங்கள் யார், எதற்காக வந்தோம் என்பதை மடல் மூலமும் கையுறை மூலமும் அரசனுக்கு அறிவிக்கத் தவறியதே அத்துன்பத்துக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று அவர் கருதினார். கையுறை கொடுத்து உத்தரவு பெறுவது அக்கால வழக்கம். கட்டணம் கட்டிச் சீட்டுப் பெறுவது இக்கால வழக்கம். உருவம் மாறினாலும் கருத்து ஒன்றே. நீர் பொதுவாகத் தோன்றினும் அதற்கு உரியவர் ஒருவர் உண்டு என்பதே அக்கருத்து.

இக்கருத்து மிகப் பழையது. அசோக மன்னன், தான் முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின் பொறித்த தூண் கல்வெட்டு ஒன்றில், கொல்லலாகாத உயிர்களின் பட்டியலைத் தந்தான். அதில் சிலவகை மீன்களும் இடம்பெற்றன. குறித்த பௌர்ணமி நாள்களிலும் நோன்பு நாள்களிலும் மீனைக் கொல்லுதலும் விற்றலும் கூடா என்றும் அவன் விதித்தான். மீன்பிடிக்கு நாள் வரையறை செய்த சட்டங்களில் எழுத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். தமிழகக் கல்வெட்டுகளிலோ பாசிப்பாட்டம் என்னும் வரியைக் காண்கின்றோம். குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகை அது. ஆற்றிலும் குளத்திலும் கோலை நீட்டியவன் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மேனாட்டு வரலாறும் இதற்கு மாறானதன்று. 1215-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் ஜோன் தன் பிரபுக்களுக்கு வழங்கிய மகா சாசனத்தில், தேம்ஸ் முதலிய ஆறுகளின் குறுக்கே நாட்டப்பட்ட மீன் அணைகள் அகற்றப்பட வேண்டும் என்ற விதி உண்டு. மரக்கலம் செல்லும் வழியை அவை மறித்தன என்பது முறைப்பாடு. பின்னர், 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சாமன் மீனைத் தூண்டிலால் பிடிப்பதற்கும் வலையால் பிடிப்பதற்கும் கட்டணச் சீட்டு முறையை ஆங்கில நாட்டில் ஏற்படுத்தியது. தொழிற்சாலைக் கழிவாலும் மிகைப் பிடிப்பாலும் சாமன் அருகிவந்த காலம் அது. சீட்டிலிருந்து வந்த பணம் ஆற்றுக் காவலுக்குச் செலவிடப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் தூண்டில் உத்தரவுச் சீட்டின் தாயாக அச்சட்டத்தைக் கருதுவது தவறாகாது.

இந்தியாவில் இக்கேள்வியை எழுப்பியவர்கள் இருவர். ஒருவர் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர். மற்றவர் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்து தென் கன்னட ஜில்லாவில் கலெக்டராக விளங்கிய ஹென்றி சலிவன் தாமஸ். 1873-ஆம் ஆண்டு இருவர்க்கும் முக்கியமான ஆண்டாகும். இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்களைப் பற்றிய டேயின் அறிக்கையும், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றிய தாமஸின் நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. மீன்குஞ்சுகள் பெருந்தொகையாக அழிக்கப்படுவதை இருவரும் கண்டு எச்சரித்தனர். ஆற்றில் நஞ்சு கலப்பதும், பின்னாளில் வெடி வீசுவதும், ஒரே நாளில் ஒரு மடுவையே வெறுமையாக்கிவிடும். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம் இவ்விரண்டையும் குற்றமாக்கியது.

நீலகிரி மலையில் இதற்கு முன்பே ஒரு சட்டம் வந்துவிட்டது. 1877-இல் அங்கே வேட்டைக்காரர்களும் தூண்டிற்காரர்களும் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கான சென்னைச் சட்டம் நிறைவேறியது. பிடிக்கக்கூடாத பருவம் வகுக்கப்பட்டது. உத்தரவுச் சீட்டு முறையும் வந்தது. நீலகிரி ஓடைகளில் துரைமார் நாடியது நாட்டு மீனையன்று. திரௌட் என்னும் குளிர்நீர் மீனையே. 1863-ஆம் ஆண்டையொட்டி டே அதனைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபின்னரே அம்மீன் அங்கே நிலைபெற்றது. அவர் மீன் தேடிச் சென்ற இடங்களுள் இலங்கையும் ஒன்று. ஏனெனில், நுவரெலியாவில் 1882-ஆம் ஆண்டு முதலே அம்முயற்சி நடந்துவந்தது; 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கும் தூண்டிற்காரர் சங்கம் ஒன்று தோன்றிப் பொரிப்பகம் நடத்தியது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தல் கூடாது. அக்காலச் சீட்டுகளில் பல, விருந்தாளியாக வந்த மீனைக் காத்தன; வீட்டுக்குரிய மீனைப் பற்றிய அக்கறை பிந்தியே வந்தது. அதுமட்டுமன்று. சீட்டுக்குக் கட்டணம் கட்டக்கூடியவர் ஆற்றங்கரையில் விளையாட்டு வீரராக நின்றார். கட்டணம் கட்ட இயலாத கரைவாசி, தன் பாட்டன் பிடித்த அதே மடுவில் திருடனாக நிறுத்தப்பட்டான். சட்டம் மீனுக்கு நன்மை செய்ததா என்று கேட்பவர், அது மனிதருக்கு என்ன செய்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இலங்கையின் சட்டங்களைச் சிறிது நோக்குவோம். 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சரணாலயங்களுக்கும் தேசிய பூங்காக்களுக்கும் அடிப்படையானது. 1940-இல் மீன்பிடிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949-இல் வனவிலங்குத் திணைக்களம் நிறுவப்பட்டது. இன்று மீன்பிடியை ஆள்வது 1996-ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். உள்நாட்டு நீர்நிலைகளில் மீன் வளர்ப்பைக் கவனிப்பதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓர் அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. ஆகவே, உப்புவெளியிலிருந்து மகாவலிக்குப் புறப்படுபவர் இரண்டு வேறு அலுவலகங்களை மனத்திற்கொள்ளல் வேண்டும். எவ்வகைப் பிடிப்புக்கு, எந்த நீர்நிலையில், எப்பருவத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டறிதல் முதலாவது. ஆற்றின் மேற்பகுதி வனவிலங்கு எல்லைக்குள் அகப்படுகின்றதா என்பதை அறிதல் இரண்டாவது. மகாவலியின் வெள்ளச் சமவெளியில் சோமாவதி முதலிய தேசிய பூங்காக்கள் 1980-களில் ஏற்படுத்தப்பட்டன. பூங்காவின் எல்லையை நீர் காட்டாது. படகு அதனை அறியாது கடந்துவிடும். எல்லையைக் காட்டுபவர் வழிகாட்டியே. எனினும், கடந்த குற்றத்துக்குப் பொறுப்பு, தூண்டிலைக் கையில் வைத்திருப்பவரையும் சாரும்.

இனி உடையைப் பற்றிக் கூறுவோம். ஆடம்பரத்துக்கு இங்கே இடமில்லை. ஆயினும் ஆடையின் வரலாறு சுவையானது. காக்கித் துணியையே எடுத்துக்கொள்ளலாம். 1846-ஆம் ஆண்டில் பெஷாவரில் லம்ஸ்டன் என்னும் அதிகாரி ஒரு படையைத் திரட்டினார். வழிகாட்டிகளின் படை என்பதே அதன் பெயர். பளபளக்கும் சிவப்புச் சட்டை பகைவர் கண்ணுக்கு இலக்காகும் என்று உணர்ந்து, மண்ணின் நிறத்தையொத்த உடையை அப்படை அணியலாயிற்று. காக்கி என்னும் சொல்லுக்குப் புழுதி நிறம் என்பதே பொருள். பகைவர் கண்ணுக்குத் தப்ப உதவிய நிறம், மீனின் கண்ணுக்குத் தப்பவும் உதவியது. தெளிந்த நீரிலுள்ள மீன் கரைமேல் நிற்பவனைக் காணும். வெண்மையான சட்டை அசைந்தால் விலகி ஓடும். கரையின் நிறத்தில் உடுத்துவதே அறிவுடைமை.

அக்காலத் தூண்டிற்காரரின் தலையில் நெட்டித் தொப்பி இருந்தது. சதுப்பு நிலத்தில் வளரும் நெட்டியின் இலேசான தக்கையால் ஆனது அது. வெயிலுக்கு நல்லது, நீரில் விழுந்தாலோ ஊறிப்போகும். இன்று அகன்ற விளிம்புள்ள துணித்தொப்பி அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. மலைநாட்டு ஓடைக்குச் சென்றவர்கள் கம்பளிச் சட்டையும், காலில் பட்டி சுற்றிய சப்பாத்தும் அணிந்தனர். அட்டை கடிக்குத் தற்காப்பாக நெருக்கமாக நெய்த காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டினர். கொட்டியாரத்து ஆற்றுமுகத்துக்கு இவை பொருந்தா. இங்கே அட்டையைவிட வெயிலே பகைவன். கையை முழுதும் மூடும் மெல்லிய பருத்திச் சட்டை, கழுத்தை மறைக்கும் ஒரு சால்வை, விரைவில் உலரும் காற்சட்டை ஆகியன போதும். வெறுங்காலோடு சேற்றில் இறங்குதல் ஆகாது. சிப்பியும் கண்டல் வேரும் காலைக் கிழிக்கும். திருக்கையின் முள் அதனினும் கொடியது. நீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி 1930-களில் அமெரிக்காவில் எட்வின் லாண்ட் என்பவரின் ஆராய்ச்சியால் உருவானது. அது கண்ணையும் காக்கும், நீரடியில் உள்ளதையும் காட்டும்.

இடுப்பளவு, மார்பளவு வரும் இறப்பர் உடுப்பை அணிந்து நீரில் இறங்கி நிற்பது குளிர்நாட்டு வழக்கம். அதனை இங்கே பின்பற்ற எண்ணுவோர்க்கு ஒரு சொல். மகாவலியின் கீழ்ப்பகுதியில் முதலைகள் உண்டு. அங்கே ஆற்றுக்குள் நின்று தூண்டில் போடுவது வீரமன்று, அறியாமை. படகிலிருந்தோ உயர்ந்த கரையிலிருந்தோ பிடிப்பதே முறை. படகில் ஏறுபவர் மிதவைச் சட்டையை அணிந்தே ஏறுதல் வேண்டும். நீந்தத் தெரிந்தவர்க்கும் அது வேண்டும். ஆற்றுமுகத்தில் ஆற்றின் இழுப்பும் கடலின் ஏற்றவற்றமும் ஒன்றையொன்று எதிர்க்கும்போது நீச்சல் உதவாது.

மூன்றாவது ஆயத்தம் வழிகாட்டி. சீட்டைப் பணம் கொடுத்துப் பெறலாம். உடையைக் கடையில் வாங்கலாம். ஆற்றைப் பற்றிய அறிவையோ ஆற்றோடு வாழ்ந்தவரிடமே பெறல் வேண்டும். வாடைக் காற்று மழையைக் கொணரும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கங்கை எவ்வாறு பெருகும். எம்மடுவில் விரால் கிடக்கும். ஏற்றநீரோடு கொடுவா எவ்வழியே உள்ளே வரும். எந்தக் கண்டற்புதரின் அடியில் செப்பலி மறைந்திருக்கும் என்பன புத்தகத்தில் எழுதப்படாதவை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் வாழும் வேடர் சமூகத்தைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட நூலில் எழுதினர். தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களும், மூதூர், கிண்ணியா முதலிய ஊர்களின் மீனவரும் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய அறிவே இன்று ஒரு பயணியை வழிநடத்தும் அறிவாகின்றது.

வழிகாட்டியின் அருமையை உணர்த்தும் சிறந்த எடுத்துக்காட்டு காவிரியில் உண்டு. மைசூர், தமிழக எல்லைப்புறங்களில் பாறைகளுக்கிடையே பாயும் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கின்றது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பார் கபினியாற்றில் 120 இறாத்தல் எடையுள்ள மீனைத் தூண்டிலால் பிடித்தார். பின்னர் அம்மீன் அழிந்துவிட்டதென்றே பலர் எண்ணினர். 1970-களில் வந்த ஆங்கிலத் தூண்டிற்காரர் சிலர் அது இன்னும் உள்ளதைக் கண்டனர். 1972-இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் செய்தது. பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மீனை நிறுத்து, குறித்து, உயிரோடு நீரிலேயே விடவேண்டும் என்பது அங்கே விதி. வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தப்பட்டவர்களில் பலர், முன்னர் வெடிவைத்தும் களவாகவும் மீன் பிடித்தவர்கள். பரிசலைச் செலுத்தவும், கேழ்வரகுக் களியை உருட்டி இரையாக்கவும், மீன் கிடக்கும் ஆழத்தைச் சொல்லவும் அவர்களுக்கு நிகரானவர் இல்லை. மீன் உயிரோடிருந்தால் கூலி உண்டு என்ற நிலை வந்ததும், அதனை அழித்த கைகளே அதனைக் காத்தன.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டது. 2012-ஆம் ஆண்டையொட்டி முகாம்களில் மீன்பிடி நின்றது. தூண்டிலோடு கூலியும், கூலியோடு காவலும் குறைந்தன என்று தூண்டிற்காரர் வாதிட்டனர். சரணாலயத்தில் விளையாட்டுக்காக எவ்வுயிரையும் துன்புறுத்தலாகாது என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், முகாமில் நாள்தோறும் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்பேடுகள் எதிர்பாராத ஒன்றை வெளிப்படுத்தின. 1998 முதல் 2012 வரையான குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் ஆண்டுக்காண்டு அருகிவந்ததையும், பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட வேற்றின மஹ்சீர் பெருகிவந்ததையும் கண்டனர். 2018-இல் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிராக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நன்மை செய்வதாக எண்ணி விட்ட மீன் உரிய மீனுக்கு இடராயிற்று. அதனை உலகம் அறிந்ததோ, பரிசலில் இருந்தவர்கள் மாலைதோறும் எழுதிய சில வரிகளால்.

ஆதலால், ஆயத்தப் பொருள்களின் பட்டியலில் நான்காவதாக ஒரு சிறு குறிப்பேட்டையும் ஒரு பென்சிலையும் சேர்த்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். நாள், இடம், நீரின் நிலை, மீனின் பெயர், நீளம் ஆகியவற்றைக் குறித்தால் போதும். மீனின் பெயரை வழிகாட்டி சொல்லும் ஊர்ப்பெயராலேயே எழுதுதல் நன்று. கொடுவாவைப் பற்றி ஒரு செய்தி இங்கே நினைக்கத்தக்கது. அம்மீன் முதலில் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின்னரே பெண்ணாக மாறுகின்றது. முட்டையிடுவதற்கு ஆற்றிலிருந்து உவர்நீருக்கு இறங்குகின்றது. எனவே தூண்டிலில் அகப்படும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீன். அதனை நீரில் விடுபவர் ஒரு மீனை மட்டும் விடுவதாகாது. அதற்கு வேண்டிய ஆயத்தமும் சிறியதே. கொக்கியின் எதிர்முள்ளை முன்னதாகவே தட்டி அமுக்கிவிடலாம்; மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டில் அணைகள் பல எழுந்தபின் மகாவலியின் ஓட்டம் மாறிவிட்டது. 1977-இல் தொடங்கிய துரித மகாவலித் திட்டம் வயலுக்கு நீரையும் வீட்டுக்கு மின்சாரத்தையும் தந்தது. ஆற்றுமுகத்துக்கு வரும் நீரின் அளவையும் காலத்தையும் அது மாற்றியது. அம்மாற்றத்தை முதலில் உணர்பவர் விடியுமுன் தோணியை அவிழ்ப்பவரே. அவருடைய சொல்லைக் கேட்டு, அவருக்குரிய கூலியைக் குறையாது கொடுத்து, உத்தரவுச் சீட்டைச் சட்டைப்பையில் நனையாமல் வைத்துக்கொண்டு புறப்படுவோர்க்குக் கங்கை கதவடைப்பதில்லை. ஒன்றும் அகப்படாத நாளிலும் அவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. குறிப்பேட்டில் ஒரு வரியேனும் கூடியிருக்கும். பின்னொரு நாளில் அவ்வாற்றின் மீன்களைப் பற்றி வழக்கு எழுமாயின், அந்த ஒரு வரியே சாட்சியாக நிற்றலும் கூடும்.